நூறு கஜ தூரம்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்தில், அதிலும் மயிலாப்பூரில், ராத்திரி எது பகல் எது என்ற பேதம் மறைந்துவிடுகிறது. விடியுமுன் திருப்பாவை, விடிந்தால் மாட வீதியில் பஜனை, பத்து மணிக்குச் சங்கீத விரிவுரை, பிறகு வரிசையாக நாலு கச்சேரி, நடு நடுவே காண்டீனில் காசி ஹல்வா. 2023-ஆம் வருஷத்து மார்கழியில் இப்படிப்பட்ட ஒரு நாளின் முடிவில், ஒரு சிநேகிதர் வீட்டில் உட்கார்ந்து, அன்று கேட்ட தோடி ராகம் தோடிதானா என்பதைப் பற்றி முடிவில்லாத வாதம் நடத்திவிட்டு, நாமும் நம்முடைய சகதர்மிணியும் அடையாற்றுக்குக் கிளம்பியபோது மணி பதினொன்றே முக்கால்.

மோட்டாரை ஓட்டியவர் நாம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நேர்ந்த அபகீர்த்தியில் சகதர்மிணிக்குப் பங்கு கிடையாது.

மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சாலைகளில் பள்ளங்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. போதாக்குறைக்கு, அந்த நாட்களில் மெட்ரோ ரயில் வேலைக்காகப் பாதிச் சாலையைத் தகரத் தட்டிகளால் அடைத்திருந்தார்கள். மந்தைவெளியைக் கடந்து, வளைந்து நெளிந்து, துர்க்காபாய் தேஷ்முக் சாலைக்கு வந்து சேர்ந்தோம். ஆந்திர மகிளா சபையைக் கண்ட அந்த உத்தமியின் பெயரைத் தாங்கிய சாலை அது. அதன் கோடியில் அடையாற்றுப் பாலம்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கத்து விளக்குக் கம்பத்தின் அடியில், ஒரு மோட்டார் சைக்கிள் படுத்திருந்தது. அதன் பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் நாலைந்து அடி தள்ளி ஒரு சதுரமான பை. பைக்கு அப்பால் ஒரு கை.

"ஐயோ, நிறுத்துங்கள்!" என்றாள் சகதர்மிணி.

நாம் நிறுத்தினோம். ஆனால் நின்றது எங்கே தெரியுமா? நூறு கஜம் தாண்டி. வேகமாக ஓட்டிக்கொண்டு வந்ததனால் அல்ல. அந்தப் பள்ளங்களில் யாராலும் வேகமாக ஓட்ட முடியாது. அந்த நூறு கஜ தூரமும் நம்முடைய கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அதை அழுத்துவதற்குத்தான் மனம் வரவில்லை. அதற்குள் என்னென்னவோ எண்ணங்கள்! போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சி, கோர்ட்டு வராந்தா, ஆஸ்பத்திரியில் "முதலில் பணத்தைக் கட்டுங்கள்" என்று சொல்லும் குமாஸ்தா, "நீதான் இடித்திருப்பாய்" என்று சட்டையைப் பிடிக்கும் கூட்டம், நாளைக் காலையில் நாம் பார்க்க வேண்டிய ஒரு முக்கியஸ்தர். கடைசியாக, பின்னால் வேறு யாராவது வராமலா போவார்கள் என்ற மகத்தான சமாதானம். இவ்வளவும் ஐந்தாறு விநாடிக்குள். வேறு எந்த விஷயத்திலும் நம்முடைய மூளை இவ்வளவு துரிதமாக வேலை செய்தது கிடையாது.

"என்ன, நின்று யோசிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சகதர்மிணி கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் பட்டுப் புடவை தடுக்கப் பின்னால் ஓடினாள். அதற்கப்புறம்தான் நாம் வண்டியைப் பின்னுக்கு எடுத்தோம்.

*

நாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கனவே ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அதை அவர் சாலைக்குக் குறுக்காக, விழுந்து கிடந்தவனுக்குப் பின்பக்கத்தில், விளக்கு மின்னும்படியாக நிறுத்தியிருந்தார். வருகிற வண்டி எதுவும் மறுபடியும் அந்தப் பையன்மேல் ஏறிவிடக்கூடாது அல்லவா? விபத்து நடந்த இடத்தில் முதலில் செய்யவேண்டிய காரியம் அதுதான் என்று பிற்பாடு ஒரு டாக்டர் நமக்குச் சொன்னார். ஆட்டோக்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பையனுக்கு இருபது வயது இருக்கலாம். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. தலைக் கவசம் இருந்ததனால் மண்டை தப்பியது. தொடை எலும்பு முறிந்து, முழங்காலுக்கு மேலே ரத்தம் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. ஆட்டோக்காரர் தம் தோளில் கிடந்த துண்டை மடித்து அந்த இடத்தில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அம்மா, 108-க்குப் போன் போடுங்க. என் கை ரெண்டும் வேலையா இருக்கு" என்றார்.

சகதர்மிணி போன் செய்தாள். தமிழ்நாட்டில் இந்த 108 வண்டிகள் 2008-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஓடத் தொடங்கின. காசு வாங்குவதில்லை. கூப்பிடுகிறவர் இடத்தைச் சரியாகச் சொன்னால் போதும். பாதிப் பேர் பதற்றத்தில் சாலையின் பெயரை மறந்துவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டிடத்தையோ கம்பத்து எண்ணையோ பார்த்துச் சொன்னாலும் வந்துவிடுவார்கள்.

இதற்குள், ஆகாசத்திலிருந்து குதித்தவர்களைப்போல், ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நம் ஊர்க் கூட்டத்துக்கு இரண்டு வைத்தியந்தான் தெரியும். ஒன்று, அடிபட்டவனைக் கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகத் தூக்கி ஏதாவது ஒரு வண்டியில் திணிப்பது. இன்னொன்று சோடா. "சோடா வாங்கிவா, மூஞ்சியில் அடி, வாயில் ஊற்று!" என்று ஒருவர் கட்டளையிட, ஒரு புண்ணியவான் உண்மையாகவே ஒரு தண்ணீர்ப் புட்டியுடன் ஓடிவந்து பையனின் வாயருகே கொண்டுபோய்விட்டார். ஆட்டோக்காரர் ஓர் அதட்டல் போட்டாரோ, பிழைத்தோம்! அரை மயக்கத்தில் இருப்பவனுக்கு ஊற்றுகிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் போய்விடக்கூடும். உடனே சஸ்திர சிகிச்சை செய்ய நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பதும் அவசியம். தூக்குவதிலும் இதே ஆபத்துதான். கழுத்தெலும்போ முதுகெலும்போ நொறுங்கியிருந்தால், அன்பினால் தூக்கும் கைகளே ஆயுள் முழுவதும் எழுந்திருக்க முடியாமல் செய்துவிடும். தீப்பிடிக்கும் என்றோ வேறு வண்டி ஏறிவிடும் என்றோ பயமிருந்தாலொழிய, ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை ஆளை அசைக்காமல், ரத்தத்தை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே மேல்.

அப்போது பையனுடைய சட்டைப் பையில் போன் மணி அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. சகதர்மிணி அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னப்பா, முக்கால் மணி நேரமாச்சு! தோசை கல்லு மாதிரி ஆகியிருக்குமே! எங்கே சுத்திக்கிட்டிருக்கே?" என்று ஒரு குரல்.

சகதர்மிணி விஷயத்தைச் சொன்னாள். எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டது குரல். "இன்னும் தெரியவில்லை" என்றதும் இணைப்பு அறுந்துவிட்டது. தோசைக்குப் பணம் திரும்பக் கேட்கப் போகிறார் போலிருக்கிறது என்று நாம் நினைத்தோம். மனிதர்களைப் பற்றிய நம்முடைய அபிப்பிராயம் அன்று இரவு பல தடவை பிசகியது. அதில் அது ஒன்று. பிற்பாடு அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில், அரை நிஜாரோடு ஒரு நடுவயதுக்காரர், அந்தப் பையனின் எண்ணுக்கே மறுபடியும் போன் செய்து விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். விடிகிற வரையில் போகவில்லை.

*

கதையைச் சற்று நிறுத்திவிட்டு, அந்த நூறு கஜத்துக்குத் திரும்பிப் போவோம்.

பிரேக்கை மிதிக்கவிடாமல் நம் காலைப் பிடித்தது கல் நெஞ்சம் அல்ல, பயம். நம் ஜனங்கள் இரக்கமற்றவர்கள் அல்ல. ஒரு பசுங்கன்று சாக்கடையில் விழுந்தால் தெருவே கூடிவிடும். ஆனால் போலீஸ், கோர்ட்டு என்றால் கை கால் நடுங்குகிறது. இந்தப் பயம் நேற்று வந்ததும் அல்ல. 1855-ஆம் வருஷத்தில், கும்பெனி அரசாங்கமே நியமித்த ஒரு கமிஷன், சென்னை ராஜதானியில் வரி வசூலிப்பவர்களும் போலீஸ் சேவகர்களும் குடிகளைச் சித்திரவதை செய்வது உண்மைதான் என்று எழுதிவைத்தது. அதற்குப் பிறகு 1859-இல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. சட்டம் மாறியதே தவிர, பாட்டனார் பட்ட அடியின் ஞாபகம் பேரன் வரையில் தொடர்ந்து வந்தது. அந்நியன் போய்விட்டான். அவன் விட்டுப்போன பயத்தை மட்டும் நாம் பிதிரார்ஜிதச் சொத்தாகக் காப்பாற்றி வருகிறோம்.

பயத்துக்குப் புதிய காரணங்களும் இல்லாமல் இல்லை. ஒரு வழக்கைச் சொல்கிறோம். மோட்டார் இடித்து ஒரு ஸ்கூட்டர்காரர் ரத்தம் பெருக விழுந்து கிடந்தார். அவ்வழியே போன ஒருவர் அவரைத் தூக்கிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "இது போலீஸ் சம்பந்தமான கேஸ், இங்கே தொட மாட்டோம், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்றார்கள். அந்த மனிதர் ஒரு கணமும் தாமதிக்காமல் அங்கேயும் கொண்டுபோனார். போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. இதைப் பத்திரிகையில் படித்த பரமானந்த கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அரசாங்க டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும், முதலில் உயிரைக் காப்பாற்று, சட்டச் சடங்குகள் பிறகு என்பது அதன் சாரம். தீர்ப்பில் அடிபட்டவருக்கு நியாயம் கிடைத்தது. அவரைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கும் அலைந்தாரே, அவருக்கு? அவரைப்போன்றவர்களின் பயத்தைப் போக்க இன்னும் இருபத்தேழு வருஷம் ஆயிற்று.

அதுவும் ஒரு துக்கத்திலிருந்துதான் பிறந்தது. 2007-ஆம் வருஷம் டில்லியில் பீயூஷ் திவாரி என்பவரின் உறவுப் பையன், பள்ளிக்கூடம் போகிற வயது, சாலையில் அடிபட்டு விழுந்தான். ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், வேண்டிய நேரத்தில் யாரும் உதவவில்லை, பையன் இறந்துபோனான். திவாரி அடுத்த வருஷமே 'சேவ்லைஃப் பவுண்டேஷன்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். போகிறவர்கள் ஏன் நிற்பதில்லை என்று 2013-இல் அவர்கள் பல நகரங்களில் விசாரித்தபோது, நூற்றுக்கு 74 பேர் உதவிக்குப் போக மாட்டோம் என்றார்கள். அவர்களில் நூற்றுக்கு 88 பேர் சொன்ன காரணம், போலீஸ் விசாரணையும் கோர்ட்டு அலைச்சலுந்தான். நம்முடைய நூறு கஜத்துக்குத் துணையாக இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறிந்தபோது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

இந்த ஸ்தாபனம் தொடுத்த வழக்கில், 2016-ஆம் வருஷம் மார்ச்சு 30-ஆம் தேதி, நீதிபதிகள் கோபால கவுடாவும் அருண் மிச்ராவும் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, உதவுகிறவர்களைக் காப்பாற்றும் விதிகளைத் தேசம் முழுவதற்கும் கட்டாயமாக்கியது. பைபிளில் வருகிற கதையை ஒட்டி அப்படி உதவுகிறவருக்கு 'நல்ல சமாரியர்' என்று பெயர். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134-ஏ என்ற பிரிவே இதற்காகச் சேர்க்கப்பட்டது. 2020 செப்டம்பரில் அதற்கு விதிகளும் வந்தன.

அந்த விதிகளை நாம் முழுவதும் படித்தது விபத்துக்குப் பிறகுதான். படித்தபோது, இவ்வளவு நாளும் பூட்டியிருப்பதாக எண்ணி வெளியிலேயே நின்ற கதவு திறந்தே கிடந்ததைக் கண்டதுபோல் இருந்தது. நல்ல எண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் உதவுகிறவர்மேல், அவர் செய்த உதவியில் தவறிப்போய் அடிபட்டவருக்குத் தீங்கு நேர்ந்தாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது. பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி போலீசாரோ வேறு யாரோ கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரிகள் இந்த உரிமைகளை இந்தியிலும் இங்கிலீஷிலும் அந்தந்த ஊர்ப் பாஷையிலும் வாசலில் எழுதி வைக்கவேண்டும். சாட்சி சொல்ல அவராகவே இசைந்தால், அவருக்குச் சௌகரியமான இடத்தில், சௌகரியமான நேரத்தில், ஒரே தடவை விசாரிக்கவேண்டும். விசாரிக்கப் போகிற போலீஸ் அதிகாரி சாதாரண உடையில் போகவேண்டும். ஜாதி, மதம், ஆண், பெண் என்ற பேதமில்லாமல் மரியாதையாக நடத்தவேண்டும் என்பதையும் விதியாகவே எழுதியிருக்கிறார்கள். எழுதவேண்டியிருந்தது என்பதுதான் கொஞ்சம் வருத்தம்.

இவ்வளவும் நமக்குத் தெரியாமல் இருந்ததே என்று வெட்கப்பட்டோம். நாம் மட்டும் அல்ல. 2018-இல் அதே ஸ்தாபனத்தார் மறுபடியும் விசாரித்தபோது, நூற்றுக்கு 84 பேருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியாதாம்.

*

ஆம்புலன்ஸ் பதினாலு நிமிஷத்தில் வந்தது. அதன் பின்னாலேயே நாமும் ஆட்டோக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2021-ஆம் வருஷம் டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவர் யாரானாலும், எந்த ஊராரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசாங்கமே செலவை ஏற்கிறது. இதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அப்படியே. தொடக்கத்தில் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று விதித்திருந்தார்கள். விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் சாகிறவர்களில் பாதிப் பேரைப் பிழைக்கவைக்கலாம் என்று 2006-ஆம் வருஷத்திலேயே சட்டக் கமிஷன் தன் 201-ஆவது அறிக்கையில் சொல்லியிருந்தது. 2022 என்ற ஒரே வருஷத்தில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அந்தப் பாதியை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பையனை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தலைமைக் கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். அவரைக் கண்டதும் ஆட்டோக்காரர் தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். அதுவரையில் ஒரு சேனாதிபதியைப்போல் நின்று எல்லோரையும் ஆட்டிவைத்த மனிதர்!

"பெயரைச் சொல்லித்தான் தீரவேண்டுமா?" என்று நாம் கேட்டோம். குரல் சற்று நடுங்கியிருக்கலாம்.

"இஷ்டமிருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். இடித்த வண்டியை யாராவது பார்த்தீர்களா? அதுதான் எனக்கு வேண்டும்" என்றார் கான்ஸ்டபிள்.

நாம் பார்க்கவில்லை. சகதர்மிணியும் பார்க்கவில்லை. பார்த்தவர் தூணுக்குப் பின்னால் இருந்தார்.

பிறகு டீக் கடையில் அவர் நம்மிடம் விஷயத்தைச் சொன்னார். வெள்ளை நிறப் பெரிய கார். பையனை இடித்துவிட்டு ஒரு கணம் நின்றது. பிறகு பாலத்தின்மேல் ஏறிப் பறந்துவிட்டது. எண்ணையும் பார்த்திருக்கிறார். "சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதீங்க சார்" என்றார். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிழவியை இப்படித்தான் எடுத்துக்கொண்டுபோய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். முன்பணம் யார் கட்டுவது என்று இரவு இரண்டு மணி வரையில் உட்கார வைத்தார்களாம். அப்புறம் மூன்று தடவை கோர்ட்டு. மூன்று தடவையும் வாய்தா. மூன்று நாள் ஆட்டோ வாடகை கையைவிட்டுப் போயிற்று. அன்றைக்கே சபதம் செய்தாராம், இனி நிற்பதில்லை என்று.

"பின்னே இன்றைக்கு ஏன் நின்றீர்கள்?"

"கண்ணு பார்த்துடுச்சே சார்!" என்றார், நம்முடைய கேள்வியே அவருக்கு விளங்காதவர்போல்.

நம் கண்ணும் பார்த்தது. பார்த்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சகதர்மிணி நம் பக்கம் திரும்பாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தது அவளுடைய பெருந்தன்மை.

*

இடித்துவிட்டுப் போனவருக்கும் சட்டம் கடமை விதித்திருக்கிறது. அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்யவேண்டும். ஜனங்களின் ஆத்திரத்தாலோ தம் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ முடியாமற்போனால் மட்டும் விலக்கு. கூடுகிற கூட்டம் அடித்துவிடும் என்பதைச் சட்டப் புத்தகமே ஒப்புக்கொண்டு இடம் விட்டிருக்கிறது, பாருங்கள்! கூட்டத்தின் கைக்குப் பயந்து ஓடுகிறவன் ஒருவன். போலீஸின் பேனாவுக்குப் பயந்து ஒதுங்குகிறவன் ஒருவன். நடுவில் கிடக்கிறவன்தான் சாகிறான்.

இடித்த வண்டி எது என்று தெரியாமற்போனால், 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள திட்டத்தின்படி, உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சமும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் நஷ்ட ஈடு என்று நிர்ணயித்திருக்கிறார்கள். வண்டி இன்னதென்று ருசுவானாலோ, மோட்டார் விபத்து இழப்பீட்டு நீதிமன்றம் பையனின் வயது, சம்பாத்தியம், கால் எவ்வளவு ஊனப்பட்டது என்பதையெல்லாம் கணக்கிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லும். ஆக, ஒரு ஆட்டோக்காரரின் மனத்தில் இருந்த ஓர் எண்ணில் அந்தப் பையனுடைய வருங்காலம் பாதி அடங்கியிருந்தது. பெயர் சொல்லாமல் போய்விடும் உரிமையைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருந்தது. அந்த உரிமையை அவர் முழுவதும் பயன்படுத்தினால், அந்த வெள்ளைக் கார் என்றென்றைக்கும் வெள்ளைக் காராகவே இருந்துவிடும்.

நாம் அவரை வற்புறுத்தவில்லை. நூறு கஜம் தாண்டி நிறுத்தியவனுக்கு அந்த யோக்கியதை ஏது? நம்முடைய போன் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் சாயங்காலம் மனம் சரியில்லாமல் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனோம். அங்கே வெள்ளை நிறத்தில் வளைவு வைத்த ஒரு மண்டபம் இருக்கிறதல்லவா? அதன் நிழலில் சுண்டல் தின்னாத அடையாற்றுவாசி யாரும் இருக்க முடியாது. அதில் பதித்த கல்லை எத்தனை பேர் படித்திருப்பார்களோ? ஷ்மித் என்ற டென்மார்க் தேசத்து மாலுமியின் ஞாபகார்த்தம் அது. 1930-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி, அந்தக் கடலில் தத்தளித்த மற்றவர்களின் உயிரைக் காப்பாற்றப் போய், தாமே மூழ்கி மாண்டார். நம் ஊர்க் கடலில், நம் ஊர் அலையில், எந்த ஊரிலிருந்தோ வந்தவர். இத்தனை வருஷமும் அந்தக் கல்லின்மேல் சுண்டல் பொட்டலத்தை வைத்திருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மூன்றாம் நாள் ஆட்டோக்காரரிடமிருந்து போன் வந்தது. "அந்தப் பையன் எப்படி இருக்கான் சார்?" என்று கேட்டார். உயிருக்குப் பயமில்லை, தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள், நடக்க ஆறு மாதம் ஆகும், தாயார் ஊரிலிருந்து வந்துவிட்டார் என்று சொன்னோம். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "ஸ்டேஷனுக்கு வராம சொல்ல முடியுமா சார்?" என்றார்.

அதற்குள் விதிகளை நாம் அச்செடுத்து வைத்திருந்தோம். போனிலேயே வரி வரியாகத் தமிழில் சொன்னோம். சாதாரண உடை என்ற இடத்தில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "யூனிபாரம் இல்லாமலா? போலீஸா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கோர்ட்டைப் பற்றிக் கேட்டார். அங்கே ஒரு நாள் போகவேண்டியிருக்கலாம் என்பதை மறைக்காமல் சொன்னோம். வீடியோ மூலம் சாட்சி சொல்லவும், சில விஷயங்களுக்குப் பிரமாணப் பத்திரம் கொடுக்கவும் சுப்ரீம் கோர்ட்டு வழி சொல்லியிருந்தாலும், எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கு விசாரணைக்கு அழைத்தால் அழைத்ததுதான். "ஒரு நாள்னா பரவாயில்லை" என்றார்.

அரசாங்கம் அளிக்கும் வெகுமதியைப் பற்றியும் சொன்னோம். ஆபத்தில் கிடந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு மத்திய அரசாங்கம் 2021 அக்டோபர் முதல் 5,000 ரூபாயும் ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்துவந்தது. 2025-இல் அதை 25,000 ஆக்கினார்கள். அவருக்கு 5,000 காலந்தான். "அதெல்லாம் வந்தா பார்த்துக்கலாம் சார்" என்று பேச்சை மாற்றிவிட்டார். துண்டு ஒன்று பாழாய்ப்போன விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

குறித்த நாளில், மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில், பகல் பதினொரு மணிக்கு, நீலக் கோடு போட்ட சட்டை அணிந்த ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். உட்கார இடம் இல்லை. ஆட்டோவின் பின் ஆசனத்தில் அவரும், முன்னால் சாரதியின் ஆசனத்தில் பின்பக்கமாகத் திரும்பி நம்முடைய சேனாதிபதியுமாக உட்கார்ந்துகொண்டார்கள். முழங்காலின்மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு அதிகாரி எழுதத் தொடங்கினார். நாம் சற்றுத் தள்ளி நின்று டீக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெள்ளைக் கார் பாலத்தின்மேல் ஏறுகிற கட்டத்துக்கு வாக்குமூலம் வந்திருக்கும். கைப்பையும் குடையுமாக ஓர் அம்மாள் வேகமாக வந்து, பின் ஆசனத்தில் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருப்பதைக்கூடக் கவனியாமல், "திருவான்மியூர் வருமாப்பா?" என்று கேட்டாள்.

"அரை மணி ஆகும்மா, வேற வண்டி பாருங்க. நான் கவர்மெண்டு வேலையா இருக்கேன்" என்றார் ஆட்டோக்காரர்.